விடிகாலை நாலு மணிக்குத்தான் பையைக் கட்ட வேண்டுமா?

குறட்டை விடுகிறவர்களை நான் எப்போதோ மன்னித்துவிட்டேன். தூக்கத்தில் வருவதற்கு அவர்கள் என்ன செய்வார்கள், பாவம். ஆனால் எட்டுப் பேர் தூங்கும் அறையில், விடிகாலை நாலு மணிக்கு, பிளாஸ்டிக் பையைச் சரசரவென்று பிரித்து, கட்டி, எதையோ மறந்துவிட்டு மறுபடி பிரிக்கிறார்களே, அவர்களுக்கு மன்னிப்பே கிடையாது.

யாழ்ப்பாணத்துக்குத் தனியாக வந்திருக்கிறேன். பாஸ்போர்ட்டில் முத்திரை விழுந்தாலும், மதுரைக்காரிக்கு இங்கே அந்நியமாக எதுவும் இல்லை. அறைக்கு வெளியே, அதாவது. நல்லூர் கந்தசுவாமி கோயிலில் கொடியேறிவிட்டது, 25 நாள் திருவிழா முடியும்வரை தனி அறை கிடைப்பது குதிரைக்கொம்பு. அதனால் பெண்களுக்கான டார்ம் அறையில் ஓர் அடுக்குக் கட்டில். கீழ்த்தட்டு எனக்கு.

நெடுந்தீவுக்குப் போகிறவர்களின் அவசரம் எனக்குப் புரிகிறது. பஸ் நிலையத்தில் முதல் பஸ்ஸைப் பிடித்து, புங்குடுதீவின் கோடியில் இருக்கும் குறிகட்டுவானுக்குப் போய், அங்கிருந்து கடலில் ஒரு மணி நேரம். ஒரு நாளைக்குப் போகும் படகுகளும் சிலதான். சரி, இதெல்லாம் முந்தின நாளே தெரிந்ததுதானே? ராத்திரி அத்தனை நேரம் கட்டிலில் சாய்ந்து போனைத் தடவிக்கொண்டிருந்தபோது பையைக் கட்டினால் கை தேய்ந்துவிடுமா? அலாரம் வேறு. அது அடிக்கும், நின்று மறுபடி அடிக்கும். போனின் சொந்தக்காரி குளியலறையில் சாவகாசமாகப் பல் துலக்கிக்கொண்டிருப்பாள். அப்புறம் வந்து, தேடுவதற்கு வசதியாக அறை லைட்டையே போடுவாள்.

முடியாத காரியமா என்றால், இல்லை. மட்டக்களப்பிலிருந்து திருவிழாவுக்கு வந்திருக்கும் ஓர் அம்மா என் எதிர்க்கட்டிலில் இருக்கிறார். அவரும் காலைப் பூசைக்கு அதே இருட்டில்தான் எழுகிறார். சேலை, பாவாடை, ரவிக்கை எல்லாம் இரவே மடித்துத் தலையணைக்குப் பக்கத்தில். எழுந்ததும் அதை எடுத்துக்கொண்டு வெறுங்காலோடு குளியலறைக்குப் போய், அங்கேயே கட்டிக்கொண்டு அப்படியே கிளம்பிவிடுவார். அவர் போனதே எனக்கு விடிந்த பிறகுதான் தெரியும். ஆறு கஜச் சேலையையே சத்தமில்லாமல் கட்ட முடிகிறது. அரைக்கால் சட்டை மாட்ட இவர்களுக்கு அத்தனை வெளிச்சம் தேவைப்படுகிறது.

டொரண்டோவிலிருந்து அம்மம்மாவின் ஊரைப் பார்க்க வந்த பெண் எனக்கு மேல்தட்டு. நல்ல பிள்ளைதான். ஆனால் சந்தையில் ஆசை ஆசையாக வாங்கிய பனங்கட்டிக் குட்டான்களை, அதாவது சின்ன ஓலைப் பெட்டியில் வரும் கருப்பட்டியை, திறந்த பையில் என் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டுப் போய்விட்டாள். நடுராத்திரி கழுத்தில் ஏதோ ஊர்கிறதே என்று போன் வெளிச்சத்தில் பார்த்தால், கட்டிலின் இரும்புக் காலில் எறும்புச் சாரை. குட்டானில் தொடங்கி என் தலையணை உறை வரைக்கும். எழுப்பிச் சொன்னேன். "அது அம்மாவுக்கு வாங்கினது அக்கா" என்றாள், எறும்புகள் அதைக் கேட்டுத் திரும்பிப் போய்விடும் என்பதைப் போல.

பிளக் விஷயத்தைச் சொல்லாமல் விட முடியாது. அறையில் இருப்பது சதுர முனை பிளக் பாயிண்ட். நம் ஊர் இரண்டு முனை சார்ஜர் அதில் நுழையாது. மேல் துளைக்குள் எதையாவது விட்டால்தான் கீழே இருக்கும் மறைப்பு திறக்கும். அதற்காகப் பேனா மூடியைக் குத்தி வைக்கிறார்கள். ஷாக் அடித்தால் யார் பதில் சொல்வது?

விடுதிப் பொறுப்பாளர் நிச்சயமாகச் சொல்ல மாட்டார். அவரிடம் போய் இத்தனையையும் கொட்டினேன். பொறுமையாகக் கேட்டார். "விளங்குது அக்கா. ஆனா நான் பொம்பிளையள் அறைக்குள்ள வரேலாது. நீங்களே ஒருக்காச் சொல்லிவிடுங்கோவன்" என்றார். அறைக்குள் வர வேண்டாம் ஐயா. இத்தனை மணிக்கு மேல் லைட் போடக் கூடாது, பையை வெளியே வைத்துக் கட்டு என்று கதவில் ஒரு காகிதம் ஒட்டினால் போதாதா? செருப்பை எங்கே விட வேண்டும் என்று மட்டும் மூன்று மொழியில் எழுதி வைக்கத் தெரிகிறது. இதில் கூத்து என்னவென்றால், என்னை அவர் அறைத் தலைவியாகவே ஆக்கிவிட்டார். குளியலறையில் தண்ணீர் வரவில்லையா, ஏசியை யாரோ அணைத்துவிட்டார்களா, வெள்ளைக்காரப் பெண்கள் என்னிடம் வருகிறார்கள். நான் அவரிடம் போய்த் தமிழில் சொல்ல வேண்டுமாம். அந்தத் தம்பி என்னைவிடச் சரளமாக ஆங்கிலம் பேசுகிறவர். நானும் காசு கொடுத்துத்தான் தங்குகிறேன்.

மத்தியானம் சோறு போட்ட கடைக்கார அம்மா, "தனியவோ வந்தனீங்கள் பிள்ளை? ஏன் அங்க நிக்கிறீங்கள், எங்கட வீட்டில வந்து நில்லுங்கோ" என்றார். ராத்திரிக்கான காசு முன்கூட்டியே கட்டியாகிவிட்டது, திருப்பித் தர மாட்டார்களாம். இல்லாவிட்டால் அப்படியே பையைத் தூக்கிக்கொண்டு போயிருப்பேன்.

காகிதத்தை நானே எழுதி ஒட்டப்போகிறேன். தமிழில் மட்டும். புரியாதவர்கள் போய்ப் பொறுப்பாளரிடம் கேட்டுக்கொள்ளட்டும்.