மூன்று விரல் உப்பு, ஒரு கைப்பிடி வெல்லம்

போன வாரம் ஒன்பதாம் வகுப்பில், பேதிக்குக் குடிக்கக் கொடுக்கிற உப்பு சர்க்கரைக் கரைசலான ஓ.ஆர்.எஸ். என்றால் என்ன என்று கேட்டேன். முக்கால்வாசிப் பேர் விரிவாக்கத்தைக் கடகடவென்று சொன்னார்கள். ஒரு மதிப்பெண் கேள்விக்கு அது போதும். அப்புறம் மேசைமேல் உப்பு, சர்க்கரை, ஒரு டீஸ்பூன், ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டில் எல்லாம் எடுத்துவைத்து, "வீட்டில் தம்பிக்குக் காலையிலிருந்து பேதி. அம்மா வேலைக்குப் போய்விட்டார். கரைத்துக் கொடு பார்ப்போம்" என்றேன். முதலில் எழுந்து வந்த பெண் மூன்று ஸ்பூன் உப்பை அள்ளிப் போட்டாள். ஒரு லிட்டருக்கு ஆறு ஸ்பூன் சர்க்கரை, அரை ஸ்பூன் உப்பு, அவ்வளவுதான் கணக்கு. அவள் கரைத்ததை ஒரு கைக்குழந்தைக்குப் புகட்டியிருந்தால் பேதியைவிட அந்தத் தண்ணீரே ஆபத்தாகியிருக்கும். நன்றாகப் படிக்கிற பெண். அவளைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. இத்தனை வருடம் இந்தப் பாடத்தை எடுத்த நான் ஒருநாளும் உப்பு டப்பாவை வகுப்புக்குக் கொண்டுபோனதில்லை.

அன்றிலிருந்து வங்கதேசம்தான் மனசில் ஓடுகிறது. ஏழை நாடு ஒன்று அறிவியலாலும் கல்வியாலும் தலைநிமிர்ந்ததற்கு உதாரணம் கேட்டால் நான் இந்த உப்புத் தண்ணீரைத்தான் சொல்வேன்.

வாந்தி பேதியில் சாகிறவர்கள் உடம்பில் நீர் வற்றித்தான் சாகிறார்கள். குடிக்கக் கொடுத்தால் வெறும் தண்ணீர் குடலில் நிற்காது. 1960இல் ராபர்ட் கிரேன் என்ற விஞ்ஞானி குடலின் ஒரு குணத்தை எடுத்துச் சொன்னார். சர்க்கரை உள்ளே போகும்போது உப்பையும் கூடவே கைப்பிடித்து அழைத்துப் போகிறது, உப்பு போனால் பின்னாலேயே தண்ணீரும் போகிறது. அதே காலத்தில் டாக்காவில் காலராவுக்கென்றே ஒரு ஆராய்ச்சிக்கூடம் தொடங்கியிருந்தது. நோய் எங்கே இருந்ததோ, அங்கேயே. 1968இல் டேவிட் நாலின், ரிச்சர்ட் கேஷ் என்ற இரண்டு இளம் மருத்துவர்கள் உள்ளூர் சகாக்களோடு சேர்ந்து காலரா நோயாளிகளுக்கு இந்தக் கரைசலைக் குடிக்கக் கொடுத்துப் பார்த்தார்கள். டிரிப்ஸ் தேவை பெருமளவு குறைந்துவிட்டது.

ஆனாலும் பெரிய ஆஸ்பத்திரிகள் நம்பவில்லை. 1971இல் வங்கதேச விடுதலைப் போர் வந்தது. எல்லை தாண்டி மேற்கு வங்கத்தின் போங்காவுக்கு அகதிகள் லட்சக்கணக்கில் வந்து சேர்ந்தார்கள், காலராவும் சேர்ந்து வந்தது. கொல்கத்தாவிலிருந்து போன குழந்தை மருத்துவர் திலீப் மகலனாபிஸ் அங்கே பார்த்தது இரண்டு அறைகள், பதினாறு கட்டில்கள், மீதிப் பேர் தரையில். டிரிப்ஸ் ஏற்ற வேண்டுமானால் அவர்களுடைய வாந்தியிலும் மலத்திலும் மண்டியிட்டுத்தான் ஏற்ற வேண்டும். பாட்டில்களும் தீர்ந்துகொண்டிருந்தன. ஒரு லிட்டருக்கு 22 கிராம் குளுக்கோஸ், 3.5 கிராம் உப்பு, 2.5 கிராம் சோடா மாவு என்று கொல்கத்தாவில் பொட்டலம் கட்டி வரவழைத்தார். டிரம்மில் கரைத்தார்கள். நோயாளியின் அம்மாவும் அண்ணனும் குவளையில் பிடித்துவந்து புகட்டினார்கள். அந்த முகாமில் 30 சதவீதம் என்றிருந்த சாவு, இந்தக் கரைசல் குடித்தவர்களிடையே 3.6 சதவீதமாக இறங்கியது. அவர் 2022இல் காலமானார், அடுத்த ஆண்டு பத்ம விபூஷண் கொடுத்தார்கள். உயிரோடு இருக்கும்போதே கொடுத்திருக்கலாம் என்ற வருத்தம் எனக்கு இன்னும் இருக்கிறது.

ஒரு சாதாரணக் கதை இந்த இடத்தோடு முடிந்துவிடும். ஒரு ஆசிரியராக எனக்கு இனிமேல் நடந்ததுதான் முக்கியம்.

ஃபஸ்லே ஹசன் அபேத் தொடங்கிய பிராக் என்ற வங்கதேசத் தொண்டு அமைப்பு, 1980இல் வீடு வீடாகப் போய் தாய்மாருக்கு இதைச் சொல்லித் தருவது என்று இறங்கியது. பொட்டலம் எல்லா ஊருக்கும் போய்ச் சேராது. பெரும்பாலான தாய்மாருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. சரி, வீட்டில் என்ன இருக்கிறது? உப்பும் வெல்லமும். அளக்க என்ன இருக்கிறது? கை. மூன்று விரலால் ஒரு சிட்டிகை உப்பு, ஒரு கைப்பிடி வெல்லம், அரைச் சேர் (கிட்டத்தட்ட அரை லிட்டர்) தண்ணீர். அரைச் சேர் எதுவரை என்று அவர்கள் வீட்டுப் பாத்திரத்திலேயே அடையாளம் போட்டுக் கொடுத்தார்கள். சொல்லிக் கொடுக்கப் போன பெண் தானே கரைத்துக் காட்டிவிட்டு வரக் கூடாது, அந்த வீட்டுத் தாய் தன் கையால் கரைத்துக் காட்ட வேண்டும்.

சில வாரம் கழித்து வேறு ஒருவர் போய் சில வீடுகளில் மட்டும் கேட்பார். தாய்க்கு எவ்வளவு நினைவிருக்கிறது, அவர் கரைத்ததில் உப்பு சரியாக இருக்கிறதா என்று ஆய்வுக்கூடத்தில் சோதிப்பார்கள். அதைப் பொறுத்துத்தான் சொல்லிக் கொடுத்தவருக்குச் சம்பளம். எத்தனை வீடு ஏறி இறங்கினாய் என்பது கணக்கே இல்லை. படித்தபோது எனக்குச் சுருக்கென்றது. என் மாணவர்களுக்கு மூன்று மாதம் கழித்து என்ன நினைவிருக்கிறது என்று பார்த்து எனக்குச் சம்பளம் போட்டால்?

முதலில் இதுவும் சறுக்கியது. தாய்மார் சரியாகச் சொன்னார்கள், ஆனால் குழந்தைக்குப் பேதி வந்தபோது கொஞ்சம் பேர்தான் கரைத்துக் கொடுத்தார்கள். விசாரித்தால், சொல்லிக் கொடுத்தவர்களுக்கே அதில் நம்பிக்கையில்லை. தங்களுக்குப் பேதி என்றால் மாத்திரை தேடினார்கள். அவர்களை உட்காரவைத்து, உடம்பில் அது எப்படி வேலை செய்கிறது என்று முதலிலிருந்து புரியவைத்தார்கள். வீட்டு ஆண்களை விட்டுவிட்டோம் என்பதும் தெரிந்தது. சந்தையிலும் மசூதியிலும் போய்ப் பேசினார்கள். பத்து வருடத்தில் ஒரு கோடியே இருபது லட்சத்துக்கும் மேற்பட்ட வீடுகள்.

1990இல் அந்த நாட்டில் ஆயிரம் குழந்தைகள் பிறந்தால் ஏறக்குறைய 140 பேர் ஐந்து வயதுக்குள் இறந்தார்கள். இப்போது 30ஐ ஒட்டி. முழுப் பெருமையும் உப்புத் தண்ணீருக்கு இல்லை. தடுப்பூசி, பெண் பிள்ளைகளின் படிப்பு, குடும்பக் கட்டுப்பாடு எல்லாவற்றுக்கும் பங்கு உண்டு. நல்ல குடிநீருக்கும் கழிப்பறைக்கும் இது மாற்றும் இல்லை.

ஆனால் முன்னேற்றம் என்று பேச உட்காருகிறவர்கள் முதலில் எதை வாங்கலாம் என்று கேட்கும்போது எனக்குக் கோபம் வருகிறது. கருவி வாங்கக் காசு இருக்கிறது, திறப்பு விழாவுக்கும் காசு இருக்கிறது. சொல்லிக் கொடுக்கப் போகிறவருக்குப் பயிற்சி கொடுக்கவும், போய்ச் சேர்ந்ததா என்று திரும்பிப் பார்க்கவும் காசு இல்லை என்கிறார்கள். வங்கதேசத்திடம் அன்று எதற்குமே காசு இல்லை. இருந்த கொஞ்சத்தை இந்த இரண்டு வேலைக்கும் போட்டார்கள்.

திங்கட்கிழமை ஆளுக்கொரு பாத்திரம் வீட்டிலிருந்து கொண்டுவரச் சொல்லியிருக்கிறேன். ஒரு லிட்டர் எதுவரை என்று பெயின்ட்டால் கோடு போடப் போகிறோம். அந்தப் பெண்தான் முதலில் கரைத்துக் காட்டப் போகிறாள், கேட்டுவிட்டேன், சரி என்றாள். அரையாண்டு லீவு முடிந்ததும் சொல்லாமல் நாலைந்து வீடுகளுக்குப் போய், அம்மாக்களைக் கரைக்கச் சொல்லிப் பார்க்கலாம் என்றிருக்கிறேன்.