ஒரு சதுரத்துக்குள் அம்மம்மாவின் வளவு

மட்டக்களப்பு கல்லடியில் நடக்கிற டிஜிட்டல் கலைக் கண்காட்சியை நேற்றுப் பின்னேரம் போய்ப் பார்த்தேன். இரவு முழுக்க நித்திரை வரவில்லை. செய்தவர் எங்கட ஊர்ப் பிள்ளை. பேர் போடவேண்டாம் என்று கேட்டதால் போடவில்லை.

முதல் அறையில் சுவர் அளவுக்கு ஒரு திரை. சாம்பலும் பச்சையுமாகச் சதுரம் சதுரமாகக் கிடக்கும், கிட்டப்போனால் ஒன்றும் விளங்காது. தள்ளி நின்றால் ஒரு பக்கம் கடல், மறுபக்கம் வாவி, நடுவில் ஒடுங்கின நிலம். நாவலடி. 2004 டிசம்பர் 26 சுனாமிக்கு முந்தின நாவலடி. லான்ட்சாட் செய்மதி எடுத்த படம் அது. அதில் ஒரு சதுரம் என்றால் நிலத்தில் 30 மீற்றருக்கு 30 மீற்றர். அம்மம்மாவின் வளவும் ஏறக்குறைய அவ்வளவுதான். ஓலை வேலி, கிணறு, முருங்கை, வலை காயப்போடுகிற கொடி, குசினி, நாங்கள் பாய்விரித்துப் படுத்த திண்ணை எல்லாம் சேர்ந்து ஒரே ஒரு நிறமாகி அந்தச் சதுரத்துக்குள் அடங்கிக் கிடக்கிறது.

அந்தச் செய்மதி 16 நாளுக்கு ஒரு தடவை காலைநேரத்தில் எங்கட தலைக்கு மேலால் போய் வந்ததாம். அம்மம்மா முற்றம் கூட்டின ஏதோ ஒரு காலையிலும் போயிருக்கும்.

அந்தத் திரையில் கைவைத்தால் குரல் கேட்கும். நாவலடியில் இருந்து தப்பி, பிறகு திராய்மடுவில் குடியேறின ஆட்களின் குரல்கள். அந்தப் பிள்ளை வீடுவீடாகப் போய் இருந்து கதைத்துப் பதிந்திருக்கிறார். நான் நின்ற நேரம் சாரம் கட்டின ஒரு வயதான மாமா வந்தார். கடலுக்குப் போய்க் காய்த்த கை. திரையில் விரலை வைத்துக் கொஞ்சநேரம் கேட்டுவிட்டு, "புள்ள, கிணறு இதுல இல்ல. இன்னும் கொஞ்சம் வடக்கால" என்றார். அந்தப் பிள்ளை மறுபேச்சுப் பேசவில்லை. மடிக்கணினியைத் திறந்து, மாமா சொன்ன இடத்துக்கு அந்தக் குரலை நகர்த்தி வைத்தார். மாமா திரும்ப விரலை வைத்துப் பார்த்து, "ஓம், இப்ப சரி" என்றார்.

இதைப் பார்த்துக்கொண்டு நின்ற ஒருவர், "கொம்ப்யூட்டர் செய்யிற வேலைக்குக் கலை என்று பேரா?" என்று கேட்டார். அவருக்கு நான் அடுத்த அறையைக் காட்டினேன். கொம்ப்யூட்டரைத் தன்பாட்டில் விட்டால் என்ன செய்யும் என்பது அங்கேதான் மாட்டியிருக்கிறது. "மட்டக்களப்பு வாவியில் தோணி" என்று செயற்கை நுண்ணறிவிடம் தமிழில் கேட்டு வந்த படங்கள். கேரளத்து வீட்டுப்படகு வந்திருக்கிறது. பின்னால் பனிமலை. படகின் பெயர்ப்பலகையில் தமிழ் மாதிரி வளைந்த, எந்த எழுத்துமே இல்லாத கீறல்கள். அந்த இயந்திரம் இணையத்தில் கிடக்கிற படங்களைப் பார்த்துப் படிக்கிறது. எங்களுடைய படங்களோ அலுமாரித் தகரப்பெட்டிக்குள் இருந்தன. நிறையப் பேருக்கு அதையும் கடல் கொண்டுபோய்விட்டது. பிறகு எப்படி எங்களைத் தெரியும்?

மற்ற விசயம்தான் எனக்கு நெஞ்சுக்குள் நிற்கிறது. படத்தில் இருக்கிற செத்தவர்களைச் சிரிக்கவும் தலையசைக்கவும் வைக்கிற செயலிகள் இப்போது உண்டு. பலபேர் தங்கட ஆட்களின் படத்தைக் கொண்டுவந்து அப்படிச் செய்து தரச்சொல்லி இந்தப் பிள்ளையிடம் கேட்டார்களாம். அவர் செய்யவில்லை. படம் அப்படியே, கரையான் அரித்த மூலையோடு, அசையாமல் இருக்கிறது. படமே இல்லாதவர்களுக்கு வெறும் சட்டமும் குரலும். போன வருசம் நான் அந்தச் செயலியில் அம்மம்மாவின் படத்தைப் போட்டேன். மாமி வீட்டில் மிஞ்சியிருந்த ஒரே படம். அம்மம்மா பல்லெல்லாம் தெரியச் சிரித்தா. வெத்திலை போட்ட வாயைச் சீலைத் தலைப்பால் மறைக்காமல் அம்மம்மா ஒருநாளும் சிரித்ததில்லை. அம்மாவுக்குக் காட்டாமல் அழித்துவிட்டேன். அந்தப் பிள்ளை மறுத்தது நூற்றுக்கு நூறு சரி.

வாவியின் ஒலியை வைத்த சிறிய இருட்டறையும் இருக்கிறது. 1848இல் பிரித்தானிய ஆட்சியின் அதிகாரி எமர்சன் டெனன்ட் தோணியில் போய்க் கேட்டு எழுதின அதே ஒலி, நம்மட ஆட்கள் பாடும்மீன் என்றும் ஊரி (சிப்பிவகை) என்றும் சொல்வது. நீருக்கடி ஒலிவாங்கியில் இப்போது அதிகமாகக் கேட்பது இயந்திரப் படகுகளின் இரைச்சல். நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் நீளம்.

குறை ஒன்று சொல்லியே ஆகவேண்டும், அவரிடமும் நேரே சொன்னேன். அம்பாறை மாவட்டத்து ஒலுவில் கரையோரத்தைக் கோடுகோடாகக் காட்டுகிற வேலைக்குக் கீழே "காலநிலை மாற்றம்" என்று மட்டும் எழுதியிருக்கிறது. ஒலுவிலில் தென்னந்தோப்பும் வளவும் கடலுக்குள் போனதற்கு வானத்தை மட்டும் காட்டமுடியாது. அந்தக் கரையில் மணல் தெற்கிலிருந்து வடக்காக நகர்வது. 2013இல் திறந்த துறைமுகத்தின் அலைதடுப்புச் சுவர் அதை மறித்தது. தெற்கில் மணல் சேர்ந்தது, வடக்கில் கரை தின்னப்பட்டது, துறைமுக வாயும் மணலால் அடைபட்டு மீனவர் படகை எடுக்க முடியாமல் நின்றார்கள். கடல்மட்டம் உயர்வது உண்மை, புயல்கள் மாறுவது உண்மை. ஆனால் மனிதர் கல்லைப் போட்டுச் செய்ததற்கும் அதே பேரை வைத்தால் பொறுப்பாளி காணாமல் போய்விடுவார். அவர் யோசித்துவிட்டு, அந்த வாசகத்தை மாற்றுவதாகச் சொன்னார்.

குரல்களையும் படங்களையும் அவர் இணையத்தில் ஏற்றவில்லை, தன்னுடைய வன்தட்டில்தான் வைத்திருக்கிறார். தந்த குடும்பம் எப்போது கேட்டாலும் எடுத்துக்கொடுத்துவிட்டு அழித்துவிடுவாராம். எங்கட முகத்தையும் பேச்சையும் எந்த இயந்திரம் தின்னலாம், தின்னக்கூடாது என்பதை நாங்கள் முடிவெடுக்க வேண்டும். இதை ஒரு இளம் பிள்ளை தனியாகச் செய்துகொண்டிருக்கிறது. எங்கட பள்ளிக்கூடங்களும் வாசிகசாலைகளும் எப்போதோ தொடங்கியிருக்க வேண்டிய வேலை.

கண்காட்சி வருகிற ஞாயிறு வரைக்கும். நாவலடி, டச்சுபார், கல்லடிப் பக்கத்துப் பழைய படம் யாரிடமாவது இருந்தால் எனக்கு இன்பொக்ஸில் அனுப்பாதீர்கள். கையில் எடுத்துக்கொண்டு போய், அந்தப் பிள்ளைக்குப் பக்கத்தில் இருந்து, அது எந்த வளவு, யாருடைய கலியாணம் என்று சொல்லிக் கொடுங்கள். நான் சனிக்கிழமை அம்மாவைக் கூட்டிக்கொண்டு போகிறேன். முருங்கை கிணற்றுக்கு எந்தப் பக்கம் நின்றது என்று அம்மாவுக்குத்தான் தெரியும்.