இருமினா ஊருக்கு டிக்கெட்

எங்க வடசென்னை ஏரியா வாட்ஸ்அப் குரூப்ல ஒரு பேச்சு ஓடுது: மணலி, மாதவரம் பக்கம் டிபி வர்றதுக்குக் காரணமே இந்திக்காரங்கதானாம். இதைப் படிச்சதும் எரிச்சல்தான் வந்துச்சு.

தேயிலைத் தோட்டத்து வேலைக்கு இலங்கை போன நம்ம சனத்தை மண்டபம் கேம்ப்ல அடைச்சு வெச்சு, காலரா, பிளேக் இல்லன்னு பார்த்துட்டுதான் கப்பல் ஏத்தினாங்க. அவ்வளவு தூரம் ஏன், 2020 கோடையில சென்னையிலேயே நம்ம ராயபுரம் மண்டலத்துலதான் கொரோனா அதிகம்னு சொன்னப்போ, நம்மளைப் பத்தி மத்த ஏரியா பேசினது மறந்துபோச்சா?

மணலியில ஒரு தகர ஷெட்டுக்குப் போயிருந்தேன். ஜன்னல்னு ஒண்ணு கிடையாது. பகல் ஷிஃப்ட் ஆளு எழுந்த பாயில நைட் ஷிஃப்ட் ஆளு வந்து படுக்கிறான். தலைக்கு மேல கொடியில ஈரத்துணி, கால்மாட்டுல கேஸ் அடுப்பு. டிபி காத்துல பரவுற நோய். அந்த ரூம்ல என்னைப் படுக்க வெச்சா எனக்கும் வரலாம்.

மருந்துக்குக் குறையில்ல. சாதாரண டிபின்னா ஆறு மாசம், இலவசம். சத்துணவுக்கு நிக்‌ஷய் திட்டத்துல மாசம் 500 ரூபாய் இருந்தது, 2024 நவம்பர்ல இருந்து 1000. வேற ஊருக்குப் போனா அங்கேயே மாத்திரையைத் தொடரலாம். அப்புறம் எங்க இடிக்குது? ரெண்டு வாரம் விடாம இருமினா மேஸ்திரி, "ஊருக்குப் போய்ப் பாத்துக்கோ"ன்னு டிக்கெட் போட்டுடுறாரு. கூலி போயிடும்னு அவன் மெடிக்கல்ல சிரப் வாங்கிக் குடிச்சு மறைக்கிறான். மாத்திரை ஆரம்பிச்சவனும் பாதியில விட்டா, கிருமி மருந்துக்கு அடங்காமப் போகலாம். அதுக்கு வேற மருந்து, இன்னும் பெரிய பாடு. நாம திட்டத் திட்ட அவன் இன்னும் மறைப்பான். அவனோட அதே ஷேர் ஆட்டோவுலதான் நாமளும் போறோம்.

"நம்மாளுக்கே பெரியாஸ்பத்திரியில வரிசை"ன்னு ஒருத்தர் போட்டிருந்தாரு. நெசம்தான். அதுக்கும் சண்டை போடுவோம், நானும் வர்றேன்.

வெளிமாநிலத் தொழிலாளிக்குத் தங்க இடமும் இலவச வைத்தியமும் கான்ட்ராக்டர்தான் தரணும்னு 1979லயே போட்ட சட்டம் சொல்லிச்சு. பிபி, சுகர் பார்க்க 'தொழிலாளரைத் தேடி மருத்துவம்'னு கம்பெனிக்கே வர்றாங்களே, அவங்க சளியும் எடுத்துப் பார்க்கட்டும். இந்தி, ஒடியா தெரிஞ்ச ஒருத்தரைக் கூட அனுப்பட்டும். டிபின்னு தெரிஞ்சா வேலையை விட்டு அனுப்பக்கூடாதுன்னு எழுதி வாங்கட்டும். ஓட்டல் கிச்சனைச் சோதனை போடுற மாநகராட்சி அந்த ஷெட்டுங்களையும் போய்ப் பார்க்கட்டும். தலைக்கு இவ்வளவுன்னு அதுக்கு வாடகை வாங்குறது யாருன்னும் விசாரிக்கட்டும். ரெண்டு பேர் நம்ம குரூப்லயே இருக்காங்க.