வயர் சொருகாமல் வாசித்துப் பாருங்கள்

எலக்ட்ரிக் கிட்டார் வாங்கப் போகிறவர் முதலில் வயர் சொருகாமல் வாசித்துப் பார்க்க வேண்டும் என்று சொன்னால் எங்கள் கும்பகோணத்து மெல்லிசைக் குழுப் பையன்கள் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும்.

ரொம்ப வருஷமாக ஆசைப்பட்ட சின்ன ஹாலோ பாடி, அதாவது உடம்பு உள்ளே கூடாக இருக்கும் எலக்ட்ரிக் கிட்டார் ஒன்றைப் போன வாரம் திருச்சியில் ஒரு அண்ணன் விற்கிறார் என்று கேள்விப்பட்டுப் போய் வாசித்துவிட்டு வந்தேன். சின்னது என்று ஏன் சொல்கிறேன் என்றால், கிப்சன் இஎஸ்-335, எபிஃபோன் கசினோ மாதிரியானவை எல்லாம் அடிப்பக்கம் 16 அங்குல அகலம், உட்கார்ந்து வாசித்தால் வலது தோள் தூக்கிக்கொண்டே நிற்கும், பஸ்ஸில் கொண்டுபோவது தனிக் கொடுமை. இது மடியில் சும்மா உட்கார்ந்தது.

சரி, சத்தம்? வயர் இல்லாமலே ஒரு அறைக்குப் போதுமான அளவு பேசுகிறது. அகூஸ்டிக் கிட்டாரின் நிறைவு கிடையாது, கொஞ்சம் வறண்ட குரல்தான், ஆனால் உடம்பு முழுக் கட்டையாக இருக்கும் சாலிட் பாடியை ஆம்ப் (சத்தத்தைப் பெருக்கும் பெட்டி) இல்லாமல் மீட்டினால் கம்பி மட்டும் கிணுகிணுக்கும் பாருங்கள், அந்தப் பஞ்சம் இதில் இல்லை. ராத்திரி கரண்ட் போனாலும் வாசிக்கலாம், பக்கத்து வீட்டுக்காரரும் தூங்கலாம். தஞ்சாவூர் வீணையின் குடம் போல மரத்தைக் குடைந்து எடுத்ததில்லை இது. மெல்லிய மரத் தகடுகளை ஒட்டி அழுத்திய பலகை. அதை மட்டமாகப் பேசுபவர்கள் உண்டு, எனக்கு உடன்பாடில்லை. ஐப்பசி, கார்த்திகை ஈரத்தில் ஒற்றை மரப்பலகை உப்புகிற அளவுக்கு இது உப்பாது, நம் ஊருக்கு இதுதான் தோது.

அப்புறம் ஆம்பில் போட்டேன். நெக் பிக்அப் (கழுத்துப் பக்கம் இருந்து கம்பியின் அதிர்வை மின்சாரமாக எடுப்பது), டோன் குமிழை நன்றாகக் குறைத்து மோகனத்தில் நாலு பிடி. ஒவ்வொரு ஸ்வரமும் உருண்டையாகக் கிளம்பிச் சீக்கிரமே அடங்கிவிடுகிறது, அதனால் நீண்ட கமகத்தை இழுத்துக்கொண்டு போக முடியாது, பாதி வழியில் ஸ்வரம் செத்துவிடும். துண்டு துண்டான சங்கதிகளுக்கு அழகு.

வால்யூம் ஏற்றியதும் ஊளை ஆரம்பித்தது. ஸ்பீக்கர் சத்தம் மேல்பலகையை ஆட்டும், பலகை கம்பியை ஆட்டும், பிக்அப் அதையே எடுத்து மறுபடி ஸ்பீக்கருக்கு அனுப்பும், இப்படியே சுற்றும். உடம்பு சின்னது என்பதால் மட்டும் இது தீராது. 1958-ல் வந்த 335-ல் நடுவில் கட்டை வைத்ததே இந்த ஊளையை அடக்கத்தான். மேல்பலகையில் இருக்கும் எஃப் எழுத்து வடிவத் துளைகளில் பஞ்சு அடைத்துச் சமாளிப்பவர்கள் இருக்கிறார்கள், ஆனால் அடைத்த பிறகு எதற்கு ஹாலோ பாடி? கோயில் திருவிழாவில் ஸ்பீக்கர் பாக்ஸை ஆள் உயரத்துக்கு அடுக்கி, வாசிப்பவருக்குக் கேட்கக் காலடியில் மானிட்டர் ஸ்பீக்கரும் வைக்கிற மேடைக்கு இது வேண்டவே வேண்டாம், அங்கே என் பழைய சாலிட் பாடி போதும்.

வீட்டுக்கு இதைத்தான் வாங்கப் போகிறேன். விலை கிட்டத்தட்டப் படிந்துவிட்டது, கிட்டார் வைக்கும் பெட்டிக்குத் தனிக்காசு என்கிறார் அண்ணன், அதில்தான் இழுபறி.