நடிகரைக் கூப்பிடலாமா என்று கேட்கிறவர்களுக்கு

தென்காசியிலிருந்து ஒரு தம்பி நேற்று போன் செய்தான். காது கேளாத பிள்ளைகளுக்கு மாலை வகுப்பு நடத்துகிறவன். "அண்ணாச்சி, நிதி திரட்ட ஒரு விழா வைக்கணும். சினிமாக்காரங்க யாரும் உங்களுக்குப் பழக்கமா? ஒருத்தர் வந்துட்டாப் போதும், ரூவா தானா வந்துரும்" என்றான். அவனுக்குச் சொன்னதையே கொஞ்சம் விரித்து எழுதுகிறேன். இதே கேள்வியோடு இன்னும் பலர் இருக்கிறார்கள்.

தானாக வந்துவிடும் என்றுதான் நாங்களும் நம்பினோம்.

பாளையங்கோட்டை சுற்று வட்டாரத்தில், படுத்த படுக்கையாகக் கிடப்பவர்களை வீடு தேடிப்போய்ப் பார்த்துக்கொள்வது எங்கள் வேலை. புண் கழுவி மருந்து வைப்போம், டியூப் மாற்றுவோம், ஏர் பெட் கொண்டுபோய்ப் போடுவோம். 2023 டிசம்பர் 17, 18 மழையை இங்கே யாரும் மறந்திருக்க மாட்டோம். காயல்பட்டினத்தில் மட்டும் ஒரே நாளில் 95 செ.மீ. கொட்டியது. திருநெல்வேலி வண்ணார்பேட்டையில் தாமிரபரணித் தண்ணீர் எங்கள் சாமான் அறைக்குள் ஏறி, ஏர் பெட்டுகளும் அவற்றின் மோட்டார்களும் சேற்றோடு போய்விட்டன.

மோட்டார் ஓடினால்தான் அந்த மெத்தையின் அறைகள் மாறி மாறி உப்பி வடியும். படுத்திருப்பவரின் உடம்பு ஒரே இடத்தில் அழுந்திக் கிடக்காது. அது இல்லையென்றால் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை ஆள் நின்று புரட்டிப் போட வேண்டும். காலையில் பீடி சுற்ற உட்காருகிற வீட்டில், கூலிக்குப் போகிற வீட்டில், யார் புரட்டுவார்கள்? சில நாளிலேயே இடுப்பெலும்புக்கு மேலே ரூபாய் நாணயம் அளவுக்குத் தோல் கறுக்கும். அப்புறம் அது குழியாகும்.

அதனால் அடுத்த வருஷம் ஒரு விழா வைத்தோம். ஒரு நடிகரின் மேலாளரிடம் நான்கு மாதம் நடையாய் நடந்து தேதி வாங்கினோம். மண்டபத்துக்கு முன்பணம், மைக் செட், ஃப்ளெக்ஸ், நோட்டீஸ் எல்லாம் ஆயிற்று. முந்தின நாள் ராத்திரி, படப்பிடிப்பு தள்ளிப்போய்விட்டது, வர முடியாது என்று தகவல் வந்தது. திரண்டு வந்த ஜனம் அப்படியே திரும்பிப் போனது. உண்டியலில் விழுந்தது மண்டப வாடகைக்கே காணவில்லை. எங்கள் நர்ஸ்களுக்கு அந்த மாதச் சம்பளம் பிந்தியது. அதை நினைத்தால் இன்றும் மனசு வலிக்கிறது.

அந்த நடிகரை நான் குறை சொல்ல மாட்டேன். எங்கள் நோயாளி ஒருவரின் முகத்தைக்கூட அவர் பார்த்ததில்லை. தேதியையும் மேடையையும் கேட்டோமே தவிர, "ஒரு நாள் எங்களோடு ஒரு வீட்டுக்கு வாருங்கள்" என்று கேட்கவில்லை. தப்பு எங்களுடையதுதான்.

எங்களுக்குக் கைகொடுத்தவர் அம்பாசமுத்திரம் பக்கத்து வில்லிசைக் கலைஞர் ஒருவர். பங்குனி முதல் ஆடி வரை, கொடை என்று நாங்கள் சொல்லும் கோயில் திருவிழாக்கள் ஒன்றன்மேல் ஒன்றாக வரும், அவருக்கு ஓய்ந்த ராத்திரி கிடையாது. அவருடைய அம்மா எட்டு மாதம் எங்கள் ஏர் பெட்டில்தான் கிடந்தார். அவரும் ஒரு பிரபலம்தான் என்பது எங்கள் யாருக்கும் தோன்றவே இல்லை. அவரே வந்தார். "எங்க அம்மைக்கு நீங்க செஞ்சத நான் மேடையில சொல்லுதேன்" என்றார்.

ஒரு கொடையில் நடுச்சாமம் தாண்டி, கதையை நிறுத்தி, வீசுகோலை வில்லின்மேல் வைத்துவிட்டுப் பேசினார். அம்மாவின் முதுகுப் புண்ணை அவர் மனைவி தினமும் கழுவியது, முதல் பதினைந்து நாள் அந்த வாடையில் தனக்குச் சோறு இறங்காதது, பிறகு புண் கொஞ்சம் கொஞ்சமாக ஆறி வந்தது, எல்லாவற்றையும் சொன்னார். ஐந்து நிமிஷம் இருக்கும். முன்வரிசையில் இருந்த பெண்கள் அழுதுகொண்டே முந்தானையில் முடிந்திருந்த காசை அவிழ்த்தார்கள். விழா கமிட்டிக்காரர்கள் கொடைக்காக ஊரில் வசூலித்த வரியில் மிஞ்சியதைத் தருவதாக அங்கேயே அறிவித்தார்கள். கேள்விப்பட்டு அடுத்த ஊரும் கூப்பிட்டது.

அவர் எங்களிடம் கேட்டது ஒன்றே ஒன்று: "கணக்க ஊருல வாசிச்சிருங்க." கொடை முடிந்தால் வரவு செலவை ஊர்க்கூட்டத்தில் வாசிப்பது நம் பக்கத்து வழக்கம். அதேபோல் கோயில் முன்னால் நின்று, இத்தனை மெத்தை, இத்தனை மோட்டார், மீதி இவ்வளவு என்று வாசித்தோம். அடுத்த வருஷமும் அந்த ஊர்களில் கொடுத்தார்கள்.

பெரிய இடத்திலும் நடப்பது இதுதான். 2014-இல் ஊரெல்லாம் சவால் விட்டுத் தலையில் ஐஸ் தண்ணீர் ஊற்றிக்கொண்டதில், தசைகளை முடக்கும் ஏ.எல்.எஸ். என்ற நரம்பு நோய்க்கான அமெரிக்கச் சங்கத்துக்கு 11.5 கோடி டாலர் சேர்ந்தது. அதைப் பரப்பியவர்களில் முக்கியமானவர் பீட் ஃப்ரேட்ஸ். பேஸ்பால் ஆடியவர், அந்த நோயே கண்டவர். எம்.எஸ். சுப்புலட்சுமிக்கு 1974-இல் மகசேசே விருது கொடுத்தபோது, பாட்டோடு சேர்த்து, பொதுக்காரியங்களுக்கு அவர் நாற்பது வருஷமாகக் கொடுத்துவந்த ஆதரவையும் சொல்லித்தான் கொடுத்தார்கள். ஒருநாள் மேடைக்கு வந்து போனவர் இல்லை அவர்.

இன்னொன்று, காகித வேலை. 1971 ஆகஸ்ட் 1-ஆம் தேதி நியூயார்க்கில் சிதார் கலைஞர் ரவிசங்கரும் பீட்டில்ஸ் ஜார்ஜ் ஹாரிசனும் வங்கதேச அகதிகளுக்காக நடத்திய கச்சேரியில், முன்கூட்டியே வரிவிலக்குக்குப் பதிவு செய்யாததால், இசைத்தட்டில் வந்த பணம் வருஷக்கணக்கில் முடங்கிக் கிடந்தது. அவ்வளவு பெரியவர்களுக்கே அந்த நிலைமை. நன்கொடை தருபவருக்கு வருமான வரிக் கழிவு கிடைக்கச் செய்யும் 80ஜி பதிவு நம்மிடம் இருந்தால்கூட, 2000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகத் தந்தவருக்கு வரிக்கழிவு கிடைக்காது. புதிய வரிமுறைக்குப் போனவருக்கு அந்தக் கழிவே கிடையாது. பிரபலம் பேசிய வீடியோ சிங்கப்பூர் வரை போகும். அங்கே குடியுரிமை வாங்கிவிட்ட நம் சொந்தக்காரர் அனுப்பினாலும் அது வெளிநாட்டுப் பணம்தான், எஃப்.சி.ஆர்.ஏ. என்ற வெளிநாட்டு நன்கொடைச் சட்டத்தின்கீழ் பதிவு இல்லாமல் தொடக்கூடாது. வீடியோ வெளிவருவதற்கு முன்பே இதையெல்லாம் சரி பார்த்துக்கொள்ளுங்கள்.

தம்பியிடம் கேட்டேன்: "உன் வகுப்புப் பிள்ளைகளோட பெத்தவங்கள்ல, சொந்தபந்தத்துல, நாலு பேருக்குத் தெரிஞ்ச ஆள் யாரும் உண்டா?" கொஞ்ச நேரம் யோசித்தான். ஒரு பிள்ளைக்குத் தாய்மாமன் பட்டிமன்றப் பேச்சாளராம். நாலு மாவட்டத்தில் பேர் தெரிந்தவராம். இதுவரை வகுப்புப் பக்கம் வந்ததே இல்லையாம்.

விழாவைப் பற்றி அவரிடம் இப்போது ஒன்றும் பேசாதே, வியாழக்கிழமை சாயங்காலம் வகுப்புக்கு வந்து ஒரு மணி நேரம் சும்மா உட்காரச் சொல் என்றேன். சரி என்றிருக்கிறான்.