பதினோரு புள்ளி எடுத்த ஆட்டம்

புளோரிடா பல்கலைக்கழகக் கூடைப்பந்து அணிக்காக வால்டர் கிளேட்டன் ஜூனியர் ஆடியதிலேயே சிறந்த ஆட்டம் எது என்று புளோரிடாவின் ஜாக்சன்வில் நகரில் எங்கள் தெருவில் யாரைக் கேட்டாலும், அமெரிக்கக் கல்லூரிகளுக்கான தேசியப் போட்டியின் 2025 அரையிறுதி என்றுதான் சொல்வார்கள். ஆபர்ன் அணிக்கு எதிராக 34 புள்ளிகள். கல்லூரிக் காலத்தில் ஒரே ஆட்டத்தில் அவர் எடுத்த அதிகபட்சம் அதுதான். நான் மட்டும் அதற்கு அடுத்த ஆட்டத்தைச் சொல்கிறேன். முதல் பாதியில் ஒரு புள்ளிகூட எடுக்காமல், மொத்தமே 11 புள்ளிகளோடு அவர் முடித்த இறுதி ஆட்டத்தை. பக்கத்து வீட்டுப் பெரியவர் இதைக் கேட்டுவிட்டு, 'உனக்குக் கூடைப்பந்து தெரியாது' என்று சொல்லிப் பல மாதங்கள் ஆகின்றன. வாதம் இன்னும் ஓயவில்லை. அதனால்தான் இந்த நீளமான பதிவு.

இந்தப் போட்டியைப் பின்தொடராதவர்களுக்காக ஒரு வார்த்தை. மார்ச் மாதம் 68 கல்லூரி அணிகள் களம் இறங்கும். ஒருமுறை தோற்றால் மூட்டையைக் கட்டிக்கொண்டு ஊர் திரும்ப வேண்டியதுதான். ஏப்ரல் முதல் வாரத்தில் ஓர் அணி மட்டும் மிஞ்சும். 2025இல் மிஞ்சியது புளோரிடா பல்கலைக்கழகம். 2006, 2007க்குப் பிறகு அவர்களுக்கு மூன்றாவது கோப்பை.

அந்த இறுதி ஆட்டத்தைப் பெரியவர் வீட்டில்தான் பார்த்தோம். ஏழெட்டுப் பேர், எல்லாரும் ஆரஞ்சு நிறச் சட்டையில். இடைவேளையில் எதிரணியான ஹூஸ்டன் 31, புளோரிடா 28. கிளேட்டன் பூஜ்யம். இரண்டு நாள்களுக்கு முன்பு அவரைத் தலையில் தூக்கிவைத்து ஆடிய அதே அறையில், 'காசு கொடுத்துக் கூட்டிவந்த ஆள்தானே, பெரிய மேடையில் எப்படி நிற்பான்' என்று ஒருவர் ஆரம்பித்தார். இன்னொருவர் உடனே 2006 அணியை இழுத்தார். ஜோக்கிம் நோவா, அல் ஹோர்ஃபோர்ட், கோரி ப்ரூவர் எல்லாரும் ஒன்றாக வளர்ந்து, ஒரு கோப்பை வென்ற பிறகும் அமெரிக்கத் தொழில்முறை லீகுக்கு ஓடாமல் அடுத்த ஆண்டும் இருந்து இன்னொன்றும் வென்று கொடுத்தார்கள். உண்மைதான். ஆனால் அந்தப் பெயர்களைச் சொல்லும்போது இந்த ரசிகர்களின் குரலில் வரும் உரிமை, கிளேட்டன் பெயரைச் சொல்லும்போது வருவதில்லை. மாமியார் உடைத்தால் மண்குடம், மருமகள் உடைத்தால் பொன்குடம் என்பது புளோரிடாவிலும் செல்லும் போலிருக்கிறது. அன்று மற்றவர்களும்தான் பந்தை வளையத்துக்கு வெளியே எறிந்தார்கள். அவர்கள் வேறு கல்லூரியிலிருந்து வந்தவர்கள் என்பது யாருக்கும் அப்போது நினைவுக்கு வரவில்லை.

வேடிக்கை இங்கேதான் தொடங்குகிறது. அன்று களமிறங்கிய முதல் ஐவரில் நான்கு பேர் மாற்றலாகி வந்தவர்கள். கிளேட்டன் அயோனாவிலிருந்து, அலிஜா மார்ட்டின் புளோரிடா அட்லாண்டிக்கிலிருந்து, வில் ரிச்சர்ட் பெல்மான்ட்டிலிருந்து, ரூபன் சின்யேலு வாஷிங்டன் ஸ்டேட்டிலிருந்து. கல்லூரிக் கணக்கில் முதல் ஆண்டிலிருந்தே புளோரிடாவின் 'சொந்தப் பிள்ளை' என்று சொல்லத்தக்கவர் அலெக்ஸ் காண்டன் ஒருவர்தான். அவருக்கு எந்த ஊர் என்று கேட்டால், ஆஸ்திரேலியாவின் பெர்த்! 'வாங்கி வந்த' கிளேட்டனோ புளோரிடாவிலேயே பிறந்தவர். பார்டோ என்ற சிற்றூரின் உயர்நிலைப் பள்ளியில் படித்தவர். அந்த ஊரிலிருந்து புளோரிடா பல்கலைக்கழகம் இருக்கும் கெய்ன்ஸ்வில்லுக்குக் காரில் சில மணி நேரத்தில் போய்விடலாம். இருவரும் 2023இல் ஒரே நேரத்தில்தான் இந்தக் கல்லூரிக்கு வந்தார்கள். ஒருவர் வீட்டுப் பிள்ளை, இன்னொருவர் வாடகைக்காரர். இந்தக் கணக்கு எனக்குப் புரியவே இல்லை.

முன்பெல்லாம் கல்லூரி மாறினால் பொதுவாக ஓராண்டு பெஞ்சில் உட்கார வேண்டும். 2021இல் அந்த விதி தளர்ந்தது. முதல் மாற்றலுக்குத் தண்டனை இல்லை. அதே ஆண்டு ஜூலையில், தங்கள் பெயரையும் படத்தையும் வைத்து மாணவர்கள் பணம் சம்பாதிக்கலாம் என்றும் ஆயிற்று. இரண்டும் சேர்ந்து கல்லூரி விளையாட்டையே புரட்டிப் போட்டுவிட்டன. இதனால் கெட்டுப்போனவை உண்டு, மறுக்க மாட்டேன். போன ஆண்டு கைதட்டிய முகம் இந்த ஆண்டு எதிரணிச் சட்டையில் வந்து நிற்பது யாருக்குத்தான் இனிக்கும்? ஆனால் பயிற்சியாளர்கள் எப்போதும் விருப்பம்போல மாறிக்கொண்டுதான் இருந்தார்கள். அயோனாவில் கிளேட்டனுக்குப் பயிற்சி கொடுத்த ரிக் பிட்டினோ 2023இல் செயின்ட் ஜான்ஸுக்குப் போனார். குரு போன பின்னால் சிஷ்யன் அங்கேயே ஏன் இருக்க வேண்டும்?

அயோனாவின் கடைசி ஆட்டத்தையும் சொல்லிவிடுகிறேன். 2023 மார்ச்சில் முதல் சுற்றிலேயே கனெக்டிகட் அணியிடம் 87-63 என்று தோற்றார்கள். கனெக்டிகட் அந்த ஆண்டும் அடுத்த ஆண்டும் கோப்பை வென்றது. கிளேட்டன் புளோரிடாவுக்கு வந்த முதல் ஆண்டில், 2024 மார்ச்சில், கொலராடோவுக்கு எதிராக 33 புள்ளிகள் எடுத்தார். அணி 102-100 என்று கடைசி நொடிகளில் தோற்றது. அப்போதும் எங்கள் தெருவில் 'தன் கணக்கை மட்டும் ஏற்றிக்கொண்டான்' என்று பேசியவர்கள் உண்டு. 33 எடுத்தால் சுயநலம், பூஜ்யம் எடுத்தால் பயம்.

2025இல் இரண்டாவது சுற்றில் மறுபடியும் அதே கனெக்டிகட். 77-75 என்று புளோரிடா வென்றது. கிளேட்டன் 23 புள்ளிகள். பிறகு டெக்சஸ் டெக் அணியுடன் காலிறுதி. மூன்று நிமிடத்துக்கும் குறைவாக இருக்கும்போது ஒன்பது புள்ளிகள் பின்தங்கியிருந்தார்கள். நான் எழுந்து பாத்திரம் கழுவப் போய்விட்டேன், இதை ஒப்புக்கொள்வதில் வெட்கமில்லை. திரும்பி வந்தபோது ஆட்டம் தலைகீழாகியிருந்தது. 84-79. கிளேட்டன் 30. அதற்கடுத்து ஆபர்னுக்கு எதிராக அந்த 34. காலிறுதி, அரையிறுதி இரண்டிலும் முப்பதைத் தொட்டவர் 1979இல் பிற்காலத் தொழில்முறை ஜாம்பவான் லாரி பேர்டுக்குப் பிறகு இவர்தான். இந்த ஆட்டங்களை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் அவை கை நன்றாக வந்த நாள்கள். கை வராத நாளில் ஓர் ஆட்டக்காரர் என்ன செய்கிறார் என்பதைத்தான் நான் பார்ப்பேன். கல்லூரி அணியில் மூன்று ஆண்டுகள் பெஞ்சைத் தேய்த்தவன் நான். களத்தில் கை வராதவனின் அவஸ்தையை அங்கிருந்து நிறையப் பார்த்திருக்கிறேன். பெரும்பாலானவர்கள் இரண்டு வழிகளில் ஒன்றைத்தான் பிடிப்பார்கள். கண்மண் தெரியாமல் எறிந்துகொண்டே இருப்பார்கள், அல்லது பந்து பக்கத்தில் வராத மூலையாகப் பார்த்து ஒதுங்கிவிடுவார்கள்.

ஹூஸ்டனின் தற்காப்பு சாதாரணமானதல்ல. பயிற்சியாளர் கெல்வின் சாம்ப்சனின் பிள்ளைகள், பந்து வைத்திருப்பவருக்குச் சக வீரர் மறைப்புக் கொடுக்க வந்த உடனே, இரண்டு பேராகப் பாய்ந்து அவரை ஓரத்துக்குத் தள்ளிவிடுவார்கள். அன்று இரவு முழுக்கக் கிளேட்டன் முன்னால் இரண்டு சுவர்கள். எறிந்த மூன்று புள்ளி எறிதல்களில் பெரும்பாலானவை உள்ளே விழவில்லை. அவர் ஒதுங்கவில்லை. இரண்டு பேரைத் தன் பக்கம் இழுத்து வைத்துக்கொண்டு பந்தை விட்டுவிட்டார். அப்புறம் மற்ற நால்வருக்கு எதிரே மூன்று பேர்தானே? சக வீரர் புள்ளி எடுக்கப் பந்தைக் கொடுத்த அசிஸ்ட்டுகள் ஏழு, தவறிய எறிதலின் பந்தைக் கைப்பற்றிய ரீபவுண்டுகள் ஐந்து. முதல் பாதியில் அணியைத் தாங்கிப் பிடித்த வில் ரிச்சர்ட் 18 புள்ளிகளோடு முடித்தார். இரண்டாம் பாதியில் 12 புள்ளிகள் வரை பின்தங்கிய அணி மெல்ல மெல்ல எட்டிப் பிடித்தது. தன் பதினொன்றையும் கிளேட்டன் அந்தப் பாதியில்தான் எடுத்தார். பெரும்பாலும் உள்ளே முட்டி மோதிப் போய். அழகான ஆட்டம் என்று யாரும் சொல்ல மாட்டார்கள்.

அலிஜா மார்ட்டினின் இரண்டு ஃப்ரீ த்ரோக்களில் (எதிரணியின் தவறுக்காகத் தடையின்றி எறியக் கிடைக்கும் வாய்ப்பு) புளோரிடா 64-63 என்று முன்னேறியபோது ஒரு நிமிடம்கூட மிச்சமில்லை. பிறகு இன்னொரு புள்ளி. 65-63. ஹூஸ்டனுக்குக் கடைசி வாய்ப்பு. எமானுவல் ஷார்ப் மூன்று புள்ளி எறிய எம்புகிறார். போனால் கோப்பை ஹூஸ்டனுக்கு. கிளேட்டன் எங்கிருந்தோ ஓடிவந்து கையை உயர்த்திக்கொண்டு நேராக அவர்மேல் பாய்கிறார், ஆனால் மோதவில்லை. காற்றில் இருந்த ஷார்ப் எறிய முடியாமல் பந்தைக் கீழே விட்டுவிடுகிறார். அதைத் தானே முதலில் தொட்டால் விதிமீறல். அவரே விட்ட பந்து அவர் கண்ணெதிரே குதித்துக்கொண்டிருக்கிறது, தொட முடியாமல் நிற்கிறார். காண்டன் தரையில் விழுந்து அதை அள்ளுகிறார். நேரம் முடிந்தது. ஹூஸ்டன் கடைசி எறிதலை எறியவே இல்லை.

கிளேட்டனின் தற்காப்பு சோம்பேறித்தனமானது என்று பல முறை திட்டியவன் நான். அந்தப் பாய்ச்சலுக்குப் பிறகு அந்தப் பேச்சை விட்டுவிட்டேன். அவர் பள்ளியில் அமெரிக்கக் கால்பந்தும் ஆடியவர், அதற்கும் கல்லூரிகள் அவரைத் தேடிவந்தன. காண்டன் வளர்ந்தது ஆஸ்திரேலியக் கால்பந்தில். கூடைப்பந்துக் கோப்பையைத் தீர்மானித்த அந்த நொடியில் இரண்டு பேரும் தங்கள் பழைய ஆட்டத்தைத்தான் ஆடினார்கள் என்று எனக்கு ஒரு சந்தேகம்.

அந்தச் செயலுக்குப் புள்ளிப் பட்டியலில் இடமே கிடையாது. அவர் பந்தைத் தட்டவில்லை, பறிக்கவில்லை. 'மிகச் சிறந்த ஆட்டக்காரர்' விருது அவருக்கே கிடைத்தது. அது முந்தைய ஆட்டங்களுக்காகக் கொடுத்தது என்பார் பக்கத்து வீட்டுப் பெரியவர். இருக்கட்டும்.

ஆட்டம் முடிந்த இரவு, இடைவேளையில் 'காசு கொடுத்துக் கூட்டிவந்த ஆள்' என்றவர்தான் முதலில் நாற்காலிமேல் ஏறி 'எங்கள் பார்டோ பையன்!' என்று கத்தினார். அவர் பார்டோவுக்கு ஒருமுறையாவது போயிருக்கிறாரா என்று கேட்டேன். போகும் வழியில் ஒருமுறை பெட்ரோல் போட்டிருக்கிறாராம்.