ஆன்லைன் பள்ளிக்குக் கிளாஸ் டீச்சர் எதற்கு என்று கேட்டவர்களுக்கு

அந்தக் காணொளியை இரண்டு நாளாக ஆளாளுக்கு எனக்கு அனுப்பிக்கொண்டே இருக்கிறீர்கள். பார்த்துவிட்டேன். துண்டை மட்டும் பார்த்துவிட்டுப் பேசுகிறாள் என்று யாரும் சொல்லிவிடக் கூடாது என்பதற்காக முழு உரையாடலையும் தேடிப் பிடித்துப் பார்த்தேன். பார்த்தபிறகு கோபம் கூடத்தான் செய்தது.

ஒரு மேடையில் ஒருவர் பேசுகிறார்: ஆறு, ஏழு, எட்டாம் வகுப்புகளை ஆன்லைனில் நடத்தும்போது கிளாஸ் டீச்சர் என்ற ஆளே தேவையில்லையாம். அட்டெண்டன்ஸை மென்பொருள் எடுத்துக்கொள்ளும், பாடத்தை அந்தந்தப் பாட ஆசிரியர் நடத்திவிடுவார், சந்தேகம் கேட்க சாட்பாட் இருக்கிறது, ஆகவே கிளாஸ் டீச்சர் வீண் செலவு. இதைச் சொன்னதும் சபையில் கைதட்டல். கீழே போய்ப் பார்த்தால் எனக்குத் தெரிந்த நண்பர்களே சிலர் இதயம் போட்டிருக்கிறார்கள். "குரூப்பில் குட்மார்னிங் போடுறதுக்கு ஒரு சம்பளமா" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். அதற்கும் இதயம்.

நான் கணக்கு டீச்சர். கொரோனா காலத்தில் ஏழாம் வகுப்புக்குக் கிளாஸ் டீச்சராக இருந்தேன். இப்போது ஒரு ஆன்லைன் பள்ளியில் அதே வயதுப் பிள்ளைகளுக்குக் கிளாஸ் டீச்சர். இரண்டையும் செய்துவிட்டுத்தான் சொல்கிறேன்: பள்ளி ஆன்லைனுக்குப் போனால் கிளாஸ் டீச்சரின் தேவை குறையாது, கூடும். பல மடங்கு கூடும்.

ஏன் என்று சொல்கிறேன். நேரில் நடக்கிற பள்ளியில் ஒரு பிள்ளையைப் பார்க்க எத்தனையோ கண்கள் உண்டு. கேட்டில் வாட்ச்மேன் பார்ப்பார். சாப்பிடாமல் டப்பாவை மூடி வைத்தால் ஆயாம்மா பார்ப்பார். விளையாட விட்டால் ஓரமாய் உட்கார்ந்திருப்பதை பி.டி. மாஸ்டர் பார்ப்பார். பக்கத்து பெஞ்ச் தோழி பார்ப்பாள், வேன் டிரைவர் அண்ணன் பார்ப்பார். கிளாஸ் டீச்சர் கொஞ்சம் அசந்தால்கூட யாராவது ஒருவர் வந்து, "மிஸ், அந்தப் பொண்ணு ரெண்டு நாளா ஒரு மாதிரி இருக்கு" என்று காதில் போட்டுவிடுவார். ஆன்லைனில் இத்தனை கண்களும் ஒரே நாளில் இல்லாமல் போகின்றன. மிஞ்சுவது கிளாஸ் டீச்சர் ஒருத்திதான். அவளையும் எடுத்துவிடு என்கிறார் அந்த மனிதர்.

அதிலும் ஆறிலிருந்து எட்டு வரை. ஐந்தாம் வகுப்பு வரை பெரும்பாலும் ஒரே டீச்சர்தான் எல்லாப் பாடமும் எடுப்பார். பிள்ளை தும்மினால் அவருக்குத் தெரியும். ஆறாம் வகுப்பில் தமிழுக்கு ஒருவர், கணக்குக்கு ஒருவர், அறிவியலுக்கு ஒருவர் என்று பிரிந்துவிடுகிறார்கள். பிள்ளை வயசுக்கு வருவதும் குரல் உடைவதும் சேர்க்கை மாறுவதும் அதே நேரத்தில்தான். ஒவ்வொரு ஆசிரியரும் பிள்ளையை ஒரு முக்கால் மணி நேரம் பார்க்கிறார். முழுப் பிள்ளையையும் பார்ப்பது யார் வேலை?

அந்தக் கொரோனா வருடம் என் வகுப்பில் ஒரு பையன். எங்கள் பகுதி விசைத்தறிப் பகுதி, பள்ளிபாளையம் பக்கம். பையன் எல்லா வகுப்பிலும் இருப்பான். கேமரா அணைந்திருக்கும், ஆனால் பெயர் இருக்கும். எல்லாப் பாட ஆசிரியர்களும் வருகை போட்டிருந்தார்கள். மென்பொருள் எடுத்திருந்தாலும் முழு வருகைதான் வந்திருக்கும். ஒருநாள் அறிவியல் மிஸ் பேச்சுவாக்கில், "அந்தப் பையன் மைக் ஆன் ஆனா ஒரே சத்தம்ப்பா, நான் மியூட் பண்ணிட்டேன்" என்றார். இன்னொரு நாள் தமிழ் அய்யாவும் அதையே சொன்னார். இருவருக்கும் அது ஒரு தொந்தரவு, அவ்வளவுதான். அவர்கள் மேல் குற்றமில்லை. முப்பத்தைந்து பெயர்கள் திரையில் இருக்கும்போது பாடம் நடத்துவார்களா, சத்தத்தை ஆராய்வார்களா?

ஆனால் நான் அவனுடைய கிளாஸ் டீச்சர். இருவர் சொன்னதும் என்னிடம் வந்து சேர்ந்தது. மற்றவர்களிடமும் கேட்டேன். எல்லோரும் சத்தத்தைத்தான் கேட்டிருந்தார்கள். அவன் குரலை அந்த மாதம் ஒருவர்கூடக் கேட்கவில்லை. அம்மாவுக்குப் போன் போட்டேன். "போன்லதானுங்களே மிஸ் இருக்கறான், நீங்கதான பாடம் எடுக்கறீங்க" என்றார். சட்டைப்பையில் போனை வகுப்பில் இணைத்து வைத்துக்கொண்டு பையன் தறிப் பட்டறையில் நூல் தார் சுற்றிக்கொண்டிருந்தான். அப்பாவுக்கு வேலை போய்விட்டது, கடன். பன்னிரண்டு வயது. அந்தக் குடும்பத்தோடு பேசிப் பேசி, அரிசி பருப்புக்கு நாங்கள் நாலு டீச்சர்கள் சேர்ந்து ஏற்பாடு செய்து, அவனைப் பட்டறையிலிருந்து வெளியே கொண்டுவந்தோம். இப்போது பாலிடெக்னிக் படிக்கிறான்.

அட்டெண்டன்ஸை மென்பொருள் எடுக்கும் என்கிறீர்கள். எடுக்கட்டும், எனக்கு அதில் வருத்தமே இல்லை. அந்தப் பையனுக்கு அது நூற்றுக்கு நூறு போட்டிருக்கும் என்பதுதான் என் வருத்தம்.

இன்னொரு பிள்ளை. இதை எழுதலாமா வேண்டாமா என்று நேற்று முழுக்க யோசித்தேன். காலையில் பதினைந்து நிமிடம் கிளாஸ் டீச்சர் நேரம் வைத்திருந்தேன், பாடம் கிடையாது. முடிந்து எல்லோரும் "பை மிஸ்" சொல்லிவிட்டுப் போவார்கள். ஒரு பெண் மட்டும் போகாமல் நிற்பாள். நான் "என்னம்மா" என்பேன், "ஒண்ணுமில்ல மிஸ்" என்று போய்விடுவாள். சில நாள் இப்படி. அப்புறம் ஒருநாள் எல்லோரும் போனபிறகு ரொம்பச் சின்னக் குரலில் கேட்டாள். அவளுக்கு முதல்முறை மாதவிடாய் வந்திருந்தது. அம்மா இல்லை. அது அப்பாவின் போன். மெசேஜ் எழுதினால் அப்பா பார்ப்பார், போன் செய்தால் வீட்டில் எல்லோருக்கும் கேட்கும். வகுப்பு முடிந்து எல்லோரும் போனபிறகு வரும் அந்த அரை நிமிடம்தான் அவளுக்குக் கிடைத்த ஒரே தனிமை. பாடம் நடத்துகிற அவசரத்தில் யாரும் அந்த அரை நிமிடத்தைத் தந்திருக்க முடியாது. முடிந்ததும் அடுத்த ஆசிரியர் லிங்க்கோடு காத்திருப்பார். சாட்பாட்டிடம் கேட்டிருக்கலாமே என்று தயவுசெய்து யாரும் கமெண்ட் போடாதீர்கள். அவள் தேடியது தகவலை இல்லை. பக்கத்துத் தெருவில் இருக்கும் என் தோழி ஒருத்தியை அன்று சாயங்காலமே அவள் வீட்டுக்கு அனுப்பினேன். சாட்பாட் யாரை அனுப்பும்?

"வீட்டில் பெற்றோர் இருக்கிறார்களே, அது அவர்கள் வேலை" என்று ஒரு அண்ணன் எழுதியிருக்கிறார். மேலே சொன்ன இரண்டு பிள்ளைகளையும் வைத்து அவரே யோசித்துக்கொள்ளட்டும். சட்டம் என்ன சொல்கிறது என்றும் பார்த்துக்கொள்ளுங்கள். 2009 கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம், 24ஆம் பிரிவு. பெற்றோரைத் தவறாமல் சந்தித்து, பிள்ளை ஒழுங்காக வருகிறதா, கற்கிற திறன் எப்படி, எவ்வளவு முன்னேறியிருக்கிறது என்றெல்லாம் சொல்வது ஆசிரியரின் கடமை என்று எழுதியிருக்கிறது. ஆறு பாட ஆசிரியர்கள் ஆறு தடவை கூப்பிட்டு ஆறு துண்டாகச் சொன்னால் அந்த அம்மாவுக்கு என்ன விளங்கும்? யாரோ ஒருவர் சேர்த்துச் சொல்ல வேண்டும். அந்த ஒருவருக்குத்தான் கிளாஸ் டீச்சர் என்று பெயர்.

"பாடம் தரமாக இருந்தால் போதும், பிள்ளை தானாகப் படிக்கும்" என்பது அந்த மேடையில் வந்த அடுத்த வாதம். இதை நாம் தமிழ்நாட்டில் சோதித்தே பார்த்துவிட்டோம். 2019 ஆகஸ்டில் தொடங்கிய கல்வித் தொலைக்காட்சி கொரோனாவில் வீட்டுக்கு வீடு பாடம் கொண்டுபோனது. நல்ல பாடங்கள். நானே என் பிள்ளைகளுக்குச் சொல்லிப் பார்க்க வைத்திருக்கிறேன். ஆனால் திரையில் இருப்பவருக்கு எதிரே உட்கார்ந்திருக்கும் பிள்ளையின் பெயர் தெரியாது. 2020 மார்ச்சில் மூடிய பள்ளிகள் ஒன்று முதல் எட்டு வரையிலான பிள்ளைகளுக்கு 2021 நவம்பர் 1ஆம் தேதிதான் திறந்தன. திறப்பதற்குச் சில நாள் முன்னால் அரசு என்ன செய்தது? இல்லம் தேடிக் கல்வி என்று தெருத்தெருவாகத் தன்னார்வலர்களை அனுப்பியது. சாயங்காலம் ஒன்றரை மணி நேரம், ஏறக்குறைய இருபது பிள்ளைகளுக்கு ஒருவர். பாடம் மட்டும் போதும் என்றால் அந்த அக்காக்கள் எதற்கு? டிவி ஏற்கெனவே வீட்டில் ஓடிக்கொண்டுதானே இருந்தது? பெயர் சொல்லிக் கூப்பிட, வராத பிள்ளையைத் தேடி வீட்டு வாசலுக்குப் போக, ஒரு ஆள் வேண்டியிருந்தது.

இன்னொன்றையும் மறந்துவிட்டீர்கள். 2021 மே மாதம் சென்னையில் ஒரு பள்ளியின் ஆன்லைன் வகுப்பை ஒட்டி எழுந்த பாலியல் புகார்கள். அதன்பிறகுதான் ஆன்லைன் வகுப்புகளைப் பதிவு செய்ய வேண்டும் என்று அரசு சொன்னது. 14417, 1098 என்ற உதவி எண்களைப் பிள்ளைகளிடம் கொண்டுபோகச் சொன்னார்கள். எல்லாம் சரி, அவசியம். ஆனால் பதிவை யாராவது எடுத்துப் பார்த்தால்தான் அது பதிவு. ஒரு பாட ஆசிரியர்மேல் பிள்ளைக்குப் புகார் இருந்தால், முதலில் யாரிடம் போய்ச் சொல்லும்? முகம் தெரியாத ஹெல்ப் டெஸ்க்குக்கு டிக்கெட் போடுமா பதினொரு வயதுப் பிள்ளை? ஒவ்வொரு பிள்ளைக்கும் பாடத்துக்கு வெளியே ஒரு பெரியவரைத் தெரிந்திருக்க வேண்டும். பாதுகாப்பு அங்கேதான் தொடங்குகிறது.

கவுன்சிலர் வைத்துக்கொள்ளலாம் என்கிறார்கள். வையுங்கள். கவுன்சிலரிடம் பிள்ளையை அனுப்ப வேண்டும் என்று முதலில் கண்டுபிடிப்பவர் வேண்டுமே.

"எங்கள் பிள்ளையின் கிளாஸ் டீச்சர் ஃபீஸ் கட்டச் சொல்லி மெசேஜ் போட்டதைத் தவிர ஒன்றும் செய்யவில்லை" என்று பலர் எழுதியிருக்கிறீர்கள். படித்தேன். வலித்தது. அந்த மெசேஜை நானும் போட்டிருக்கிறேன். எங்களை யார் போட வைத்தது என்று ஒருவராவது கேட்டீர்களா? ஃபீஸ் வசூலானால்தான் உனக்குச் சம்பளம் என்று நிர்வாகம் எங்கள் தலையில் கட்டிய வேலை அது. ஊரடங்கு முடிந்து வகுப்பு தொடங்கியபோது எங்களுக்குப் பாதிச் சம்பளம். சில மாதம் அதுவும் வரவில்லை. தமிழ்நாடு முழுக்கத் தனியார் பள்ளி ஆசிரியர்கள் கூலி வேலைக்குப் போனதையும் காய்கறி விற்றதையும் பேப்பரில் எல்லோரும் படித்தீர்கள். என்னோடு வேலை பார்த்த சமூக அறிவியல் சார் காலையில் பால் வண்டிக்குப் போய்விட்டு வந்து வகுப்பு எடுத்தார். ரீசார்ஜ் எங்கள் காசு. போன் எங்கள் போன். ராத்திரி பத்து மணிக்கும் பெற்றோர் கூப்பிடுவார்கள், எடுப்போம். என் மகள் அப்போது நான்காம் வகுப்பு. நான் மற்ற பிள்ளைகளோடு பேசிக்கொண்டிருக்கும்போது அவள் தன் வகுப்புக்குப் போன் இல்லாமல் தனியாக உட்கார்ந்திருப்பாள், இருந்த ஒரே போனை அவளோடு பங்கு வைத்துக்கொண்டேன். இதெல்லாம் குட்மார்னிங் போடுகிற வேலையா?

அந்த வார்த்தையை எழுதியவர் எனக்குத் தெரிந்தவர். அவருடைய தம்பி மகன் என் வகுப்பில் படித்தவன். அதற்குமேல் சொல்ல மாட்டேன்.

செலவு என்கிறீர்களே, சரி, செலவைப் பேசுவோம். 2020 ஜூலையில் மத்திய அரசு ஆன்லைன் வகுப்புக்கு வழிகாட்டுதல் கொடுத்தது. எட்டாம் வகுப்பு வரை ஒரு நாளைக்கு 30 முதல் 45 நிமிட வகுப்புகள் இரண்டுக்கு மேல் வேண்டாம் என்றது. பிள்ளைகளின் கண்ணையும் உடம்பையும் நினைத்துச் சொன்ன நல்ல விஷயம். அதைக் காட்டிப் பல பள்ளிகள் முதலில் வெட்டியது எதை? பாடம் இல்லாத கிளாஸ் டீச்சர் நேரத்தை. என்னுடைய அந்தப் பதினைந்து நிமிடத்தைக் காப்பாற்ற நான் நிர்வாகத்திடம் சண்டை போட வேண்டியிருந்தது. அடுத்து, ஆறாம் வகுப்பு முதல் எட்டு வரை 35 பிள்ளைக்கு ஓர் ஆசிரியராவது வேண்டும் என்று சட்டம் சொல்லியும், இரண்டு மூன்று செக்‌ஷனை ஒரே லிங்கில் சேர்த்தார்கள். நூறு பிள்ளைகளுக்கு ஒரு கிளாஸ் டீச்சரைப் போட்டுவிட்டு, அவர் ஒன்றும் செய்யவில்லை, ஆகவே அந்தப் பதவியே வேண்டாம் என்றால் அது என்ன நியாயம்?

எனக்கு வேண்டியது பெரிதாக ஒன்றுமில்லை. ஒரு கிளாஸ் டீச்சருக்கு முப்பது பிள்ளைகளுக்கு மேல் தராதீர்கள். தினமும் பாடம் இல்லாத நேரம் கொடுங்கள், வாரத்தில் ஒரு நாள் ஒவ்வொரு பிள்ளையோடும் தனியாக ஐந்து நிமிடம் பேச வழி செய்யுங்கள். பேசுவதற்குப் பள்ளியே ஒரு போன் கொடுக்கட்டும். பாட ஆசிரியர்கள் வாரம் ஒருமுறை கிளாஸ் டீச்சரோடு உட்கார்ந்து, யார் குரல் கேட்கவில்லை, யார் முகம் வாடியிருக்கிறது என்று பேசட்டும். இதை வேலை நேரமாகக் கணக்கில் எடுத்துச் சம்பளம் கொடுங்கள். ஃபீஸ் மெசேஜை அலுவலகம் போடட்டும். ஆன்லைன் பள்ளியில் பிள்ளையைச் சேர்க்கப்போகும் பெற்றோர்கள், எத்தனை காணொளிகள், என்ன ஆப் என்றெல்லாம் கேட்பதற்கு முன்னால், "என் பிள்ளைக்கு யார் கிளாஸ் டீச்சர், அவரிடம் எத்தனை பிள்ளைகள்" என்று கேளுங்கள். பதில் வராத பள்ளியில் சேர்க்காதீர்கள்.

கமெண்ட்டில் என்னைத் திட்டுவதென்றால் திட்டுங்கள், பதில் சொல்கிறேன். ஆனால் நான் சொன்ன அந்த இரண்டு பிள்ளைகள் யார், எந்தப் பள்ளி என்று யாரும் யூகித்து எழுத வேண்டாம். தெரிந்தவர்களும் எழுத வேண்டாம். எழுதினால் உடனே நீக்கிவிடுவேன், எவ்வளவு நெருங்கிய நட்பாக இருந்தாலும்.